பிக்கப் டிரக்கின் லெதர் சீட் சீக்கிரமே தேய்ந்தால்: வாரன்ட்டியா, நிறப்பூச்சா, புது உறையா, சீட் கவரா?

டெக்சாஸில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் நம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வண்டி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் வெளுத்துச் சுருங்கி, தையலோரம் பிரியத் தொடங்கிவிட்டது. டீலரிடம் போனால் இதெல்லாம் சாதாரணத் தேய்மானம் என்று கையை விரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?" கேட்பவர்களில் பலர் அதற்குள் ஒரு சீட் கவருக்கு ஆர்டரும் போட்டிருப்பார்கள்.

சீட் கவர் சிலருக்குச் சரியான முடிவுதான். பெரும்பாலோருக்கு அது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. எது சரி என்பது வண்டியின் விலையையோ உங்கள் பட்ஜெட்டையோ விட, சீட்டில் உண்மையில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

தேய்ந்தது எது?

விலைப் பட்டியலில் "லெதர்-ட்ரிம்டு" என்று இருந்தால் சீட் முழுவதும் தோல் என்று நினைத்துவிட வேண்டாம். பொதுவாக, உடம்பு படும் முகப்புப் பகுதி மட்டுமே தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் வினைல். பல வண்டிகளில் பின் சீட்டிலும் கணிசமான பகுதி வினைல்தான். டொயோட்டாவின் சாஃப்டெக்ஸ் போன்றவை முழுக்கச் செயற்கைப் பொருள், அவற்றில் தோலே கிடையாது. இன்னொரு சங்கடம்: தோலும் வினைலும் சேரும் தையல் பல சீட்டுகளில் சரியாக அந்தக் கதவுப் பக்க மேட்டில், அதாவது போல்ஸ்டரில் வருகிறது. இரண்டும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. உரசலும் அதிகம், இழுவையும் அதிகம். முதலில் அந்த இடம்தான் போகும்.

தோல் இருக்கும் பகுதியிலும் நம் கை தொடுவது தோலை அல்ல. தோலின் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் காப்புப் பூச்சு. அடியில் ஃபோம். ஆக, நான்கு விதமாகக் கெடலாம்.

மேல் பூச்சு மட்டும் போயிருந்தால் வெளுப்பும் மயிரிழைக் கோடுகளும் தெரியும். விரலால் தடவினால் இன்னும் வழவழப்பாகவே இருக்கும். தோலே வெடித்திருந்தால் பிளவுக்குள் பஞ்சு போன்ற நார் தெரியும். தையல் போயிருந்தால் தோல் நன்றாக இருக்கும், நூலோ நூல் போன துளைகளோ கிழிந்திருக்கும். நான்காவது ஃபோம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. டிரைவர் சீட்டின் இடது மேட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பிறகு வலது மேட்டை அழுத்துங்கள். இடது பக்கம் மட்டும் தொளதொளவென்று உள்ளே போனால் ஃபோம் நொறுங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே எதைச் செய்தாலும், தாங்க ஆள் இல்லாத தோல் மறுபடி மடிந்து மடிந்து அதே இடத்தில் வெடிக்கும்.

பிக்கப்பில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? சீட் உயரம்தான் முதல் காரணம். காரில் இறங்கி உட்காருகிறோம். டிரக்கில் ஏறி, ஓரத்தில் இடுப்பை வைத்து, உள்ளே சறுக்குகிறோம். இறங்கும்போது அதே சறுக்கல் எதிர்த் திசையில். ஜீன்ஸின் செம்பு ஆணிகள், பெல்ட், இடுப்பில் மாட்டிய சாவி, கட்டுமான இடத்து மண் எல்லாம் உப்புத்தாள் வேலையைச் செய்கின்றன. அப்புறம் வெயில். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிகளின் சீட்டுகள் சராசரியாக 123 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டன. அந்தச் சூட்டில் பூச்சு இளகும், வினைல் நாளடைவில் விறைக்கும். சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, ஆல்கஹால் கலந்த கை சானிடைசர் மூன்றும் பூச்சை நேரடியாகத் தாக்கும். நம் வீட்டு வண்டிகளில் கூடுதலாக ஒன்று: தலைசாய்ப்பில் தேங்காய் எண்ணெய்க் கறை. அது தேய்மானம் அல்ல, துடைத்தால் போகும். போகவில்லை என்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள், பூச்சும் சேர்ந்து போகும்.

எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்விகள் ஐந்து. இந்த வழி எந்த அடுக்கைச் சரிசெய்கிறது? மறைந்திருக்கும் செலவு என்ன? ஏர்பேக், சீட் ஹீட்டர், காற்றோட்ட விசிறி இவற்றுக்கு இடைஞ்சல் உண்டா? வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? கடைசியாக, இதைச் செய்துவிட்டால் வேறு எந்தக் கதவு மூடிவிடும்? ஐந்தாவதுதான் முக்கியமானது. நீங்களே நிறம் பூசிய சீட்டை எந்தக் கம்பெனியும் வாரன்ட்டியில் எடுத்துக்கொள்ளாது.

| வழி | எதைச் சரிசெய்யும் | செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| வாரன்ட்டி, குட்வில் (கம்பெனி தரும் சலுகை) | கம்பெனி ஒத்துக்கொண்டால் எல்லாம் | பணம் இல்லை, அலைச்சல் உண்டு | 36,000 மைலுக்குள், தையல் அல்லது பூச்சுக் குறை |
| நிறம் பூசுதல் | மேல் பூச்சு, சின்ன வெடிப்பு | சில நூறு டாலர் | ஃபோம் நன்றாக இருப்பவர்கள், விற்கப் போகிறவர்கள் |
| ஒற்றை உறை மாற்றுதல் | தோல், தையல். கூடவே ஃபோம் | சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேல் | நீண்ட காலம் வைத்திருப்பவர்கள் |
| முழு லெதர் கிட் | எல்லாச் சீட்டும் | ஆயிரங்களில் | துணி சீட் உள்ள ட்ரிம் (மாடலின் வசதி நிலை) வைத்திருப்பவர்கள், பல சீட் கெட்டவர்கள் |
| சீட் கவர் | எதையும் இல்லை, மறைக்கும் | குறைவு | வேலை வண்டி, நாய், குழந்தைகள் |

வாரன்ட்டியும் குட்வில்லும்

ஃபோர்டு, ஷெவ்ரலே, ராம், டொயோட்டா எல்லோருக்கும் அடிப்படை வாரன்ட்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், எது முந்துகிறதோ அது. அதற்குள் இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் சொல்லில் இருக்கிறது. "சீட் தேய்ந்துவிட்டது" என்று நீங்களே சொன்னால் விஷயம் முடிந்தது. தேய்மானம் வாரன்ட்டியில் சேராது. பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "தையல் இந்த இடத்தில் இத்தனை அங்குலம் பிரிந்திருக்கிறது", "பூச்சு செதிலாக உரிகிறது", "ஃபோம் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது", "வலது மேட்டில் இது இல்லை". இவை பொருள் அல்லது வேலைப்பாட்டுக் குறை என்று வாதிட இடம் தருபவை. ஓடோமீட்டரோடு சேர்த்து ஒரு படம், தையலுக்கு அருகில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் வார்த்தைகள் ரிப்பேர் ஆர்டரில் எழுதப்பட வேண்டும், அதன் நகல் கைக்கு வர வேண்டும். வாரன்ட்டி முடிந்த பிறகு பேச்சு வந்தால், "அப்போதே சொன்னேன்" என்பதற்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

கவுண்டரில் இருப்பவர் மறுத்தால் சர்வீஸ் மேனேஜர். அவரும் மறுத்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி ஒரு கேஸ் நம்பர் வாங்குங்கள். வாரன்ட்டி கொஞ்சம் தாண்டியிருந்தாலும், அதே டீலரிடம் தொடர்ந்து சர்வீஸ் செய்தவர்களுக்குக் கம்பெனி குட்வில் என்ற பெயரில் முழுதாகவோ பாதியாகவோ செலவை ஏற்பதுண்டு. அது உரிமை இல்லை, சலுகை. கேட்கும் தொனி அதற்கேற்ப இருக்கட்டும். போகும் முன் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் இணையதளத்தில் உங்கள் மாடலைப் போட்டு, கம்பெனி டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் அறிவிப்புகளில் சீட் உறை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பேச்சின் போக்கே மாறும்.

குறையுள்ள புது வண்டியை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் லெமன் சட்டத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். டெக்சாஸில் அது வண்டியின் பயன்பாட்டையோ சந்தை மதிப்பையோ கணிசமாகக் குறைக்கும் குறைகளுக்கும் ஆபத்தான குறைகளுக்கும் உரியது. சீட் ஓரம் வெளுத்தது அந்தத் தராசில் ஏறாது.

டீலரின் ஃபைனான்ஸ் அறையில் தலையில் கட்டிய "இன்டீரியர் பாதுகாப்புத் திட்டம்" இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படித்துப் பாருங்கள். இவை பெரும்பாலும் கறை, கிழிசல், சிகரெட் சூடு போன்ற திடீர்ச் சேதத்துக்குத்தான். நாளாவட்டத் தேய்மானத்தை விலக்கியிருப்பார்கள். திடீர் சேதம் என்றாலும், நடந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்ற விதி ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

நிறம் பூசிச் சரிசெய்தல்

வீட்டுக்கே வந்து செய்துதரும் லெதர் ரிப்பேர் ஆட்கள் எல்லாப் பெரிய நகரத்திலும் உண்டு. சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் சமன்படுத்தி, வெடிப்பில் நெகிழ்வான நிரப்பி போட்டு, நிறம் கலந்து பூசி, மேலே காப்புப் பூச்சு அடிப்பார்கள். அரை நாள் வேலை. நல்ல கைக்காரர் செய்தால் எங்கே பூசினார் என்று தேட வேண்டியிருக்கும்.

பூச்சு மட்டும் போன சீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நார் தெரியும் ஆழமான வெடிப்பில் நிரப்பி நிற்பது சந்தேகம், ஏனென்றால் சறுக்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடிகிறது. ஃபோம் அமுங்கியிருந்தால் இதற்குக் கொடுக்கும் பணம் கிட்டத்தட்ட வீண். துளையிட்ட காற்றோட்ட சீட்டில் நிரப்பியும் நிறமும் துளைகளை அடைத்துவிடும். அதை எப்படித் தவிர்ப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். இடம் வினைல் பகுதியா தோல் பகுதியா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் தயாரிப்பு வேறு.

கடையில் கிடைக்கும் சின்னக் கிட் வாங்கி நாமே செய்யலாமா? கறுப்பு சீட், சிறிய உரசல் என்றால் செய்யலாம். பழுப்பு, சாம்பல், இரட்டை நிறம் என்றால் விட்டுவிடுங்கள். நிறம் ஒரு சாயல் தப்பினாலும் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

ஒரு விதிவிலக்கு: 2001இல் ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் வந்த கிங் ராஞ்ச் ட்ரிம். அதன் ஆரம்ப கால சீட்டுகளில் குதிரைச் சேணம் போல, பூச்சு அதிகம் இல்லாத தோல். தண்ணீரை உறிஞ்சும், கறை பிடிக்கும், அடிக்கடி கண்டிஷனர் கேட்கும். கவனிக்காமல் விட்டவர்களின் சீட்டுகள் வேகமாக வெடித்தன. அந்தத் தோலில் சாதாரண நிறப்பூச்சு அடித்தால் அதன் அழகே போய்விடும். கண்டிஷனர் தடவுவதில் அர்த்தம் இருப்பதும் அங்கேதான். பூச்சு உள்ள இன்றைய சீட்டுகளில் கண்டிஷனர் பெரும்பாலும் மேலேயே நின்று மினுங்கும், தேய்மானத்தைத் தடுக்காது. மாதாமாதம் அதற்குச் செலவழிக்கும் காசை ஒரு நல்ல நிழல் திரைக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒற்றை உறையை மட்டும் மாற்றுதல்

பலருக்குத் தெரியாத வழி இது. சீட்டை முழுதாக வாங்க வேண்டியதில்லை. டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் வின் எண்ணையும் (வண்டியின் தனி அடையாள எண்) உட்புற நிறக் குறியீட்டையும் கொடுத்தால், டிரைவர் சீட்டின் அடிப்பகுதி உறையை மட்டும் தனியாகத் தருவார்கள். ஃபோமும் தனியாகக் கிடைக்கும். வாங்கி ஒரு அப்ஹோல்ஸ்டரி கடையில் கொடுத்தால், சீட்டைக் கழற்றி, பழைய உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டி, ஃபோமை மாற்றி அல்லது ஒட்டுப்போட்டு, புது உறையை மாட்டிவிடுவார்கள். கைவேலை சில மணி நேரம்தான். உறையின் விலையில்தான் வித்தியாசம்: சாதாரண ட்ரிம்மில் சில நூறு டாலர், உயர்ந்த ட்ரிம்மில் ஆயிரத்தைத் தாண்டலாம்.

இன்னொரு கிளை, உறை முழுவதையும் விட்டுவிட்டுக் கெட்ட துண்டை மட்டும் புதிதாக வெட்டித் தைப்பது. தேர்ந்த தையல்காரர் அந்தப் பழைய துண்டைப் பிரித்து அதையே அளவாக வைத்துக்கொள்வார். செலவு குறையும். தோலின் மேல்வரியும் நிறமும் பக்கத்துத் துண்டோடு பொருந்துமா என்பதுதான் கேள்வி. பொருந்தாது என்றால், இரண்டு மேடுகளையும் வேறு நிறத்தில் மாற்றி வேண்டுமென்றே செய்தது போல் ஆக்கிவிடுபவர்களும் உண்டு. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. டிரைவர் சீட்டின் அடிப்பகுதியில் தைரியமாகக் கை வைக்கலாம், முதுகுப் பகுதியில் கூடாது. முன் சீட்டின் முதுகில் கதவுப் பக்கம் ஏர்பேக் குறி இருந்தால், அங்குள்ள தையல் விபத்தின்போது கிழிந்து திறக்கும்படி தனியாகத் தைக்கப்பட்டது. சாதாரண நூலால் அதை உறுதியாகத் தைத்துவிட்டால் ஏர்பேக் சரியான நேரத்தில், சரியான திசையில் வெளியே வராது. முதுகு உறைக்கு அசல் பொருளையே வாங்குங்கள். முன் பயணி சீட்டின் அடியில் ஆளின் எடையை உணரும் அமைப்பும் இருக்கும். அதைத் தொட்டால் மறுபடி அளவீடு செய்ய வேண்டிவரலாம். சீட் ஹீட்டர் இருந்தால் அதன் பாய் உறையோடு ஒட்டியதா, தனியாக எடுத்து மாட்டக்கூடியதா என்று பார்ட்ஸ் ஆளிடம் கேளுங்கள். ஒட்டியதாக இருந்தால் செலவு அங்கேதான் எகிறும்.

மறைந்த செலவு வேறொன்றும் உண்டு: புது உறை பளபளப்பாக, பக்கத்து சீட் வெளுத்து இருக்கும். கொஞ்ச நாள் கண்ணை உறுத்தும். அதற்காகப் பக்கத்து சீட்டையும் மாற்றக் கிளம்பினால் கணக்கு எங்கோ போய்விடும்.

நான்கைந்து வருடம் இன்னும் வண்டியை ஓட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். பூச்சு, நிரப்பி, கவர் என்று மூன்று முறை செலவழித்துவிட்டு இங்கே வந்து சேருபவர்கள் நிறைய.

முழு லெதர் கிட்

காட்ஸ்கின் போன்ற கம்பெனிகள் உங்கள் மாடலுக்கு ஏற்றபடி எல்லாச் சீட்டுக்கும் உறை தைத்துத் தருகின்றன. பழைய உறையைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். துணி சீட் உள்ள மலிவான ட்ரிம்மை வாங்கி இதைப் போட்டுக்கொள்வது கெட்டிக்காரத்தனம். ஒரே ஒரு மேடு தேய்ந்ததற்காக இதைச் செய்வது அப்படியல்ல. ஏர்பேக்குக்கு ஏற்றபடி தைத்ததா, மாட்டுபவர் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயும் முகப்பு மட்டும் தோல், மற்றது வினைல் என்ற கதை உண்டு.

சீட் கவர்

கேன்வாஸ், நியோப்ரீன் (ரப்பர் போன்ற செயற்கைப் பொருள்), செயற்கைத் தோல் என்று மூன்று வகை. கவர்கிராஃப்ட் செய்யும் கார்ஹார்ட் துணிக் கவர்கள் வேலை வண்டிகளில் நன்றாக உழைக்கின்றன. வெல்டிங் பொறி, சிமெண்ட், நாய் நகம், குழந்தை கொட்டிய சாம்பார் இவற்றுக்கு நடுவே வாழும் டிரக்குக்குக் கவர்தான் சரி. அதையும் வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே போட வேண்டும். தேய்ந்த பிறகு போடுவது காயத்தை மூடி வைப்பது மட்டுமே.

இறுக்கமாகப் பொருந்தாத கவர் ஒவ்வொரு சறுக்கலிலும் தானும் நகரும். இடையில் புகுந்த மண்ணைச் சேர்த்து அடியில் இருக்கும் தோலை அரைக்கும். ஈரம் தங்கும். அடர்நிறக் கவரின் சாயம் வெளிர்நிறத் தோலில் இறங்கிவிடும், பிறகு போகாது. காற்றோட்ட சீட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு மேலே நியோப்ரீன் போர்த்தினால் விசிறி யாருக்காக ஓடுகிறது? ஏர்பேக் வரும் பக்கம் திறந்தோ, கிழியும் தையலோடோ இல்லாத கவரை விலையைப் பார்த்து வாங்கவே கூடாது.

யார் எதை எடுக்கலாம்

லீஸ் வண்டி என்றால் முதலில் ஒப்பந்தத்தில் "அதிகப்படியான தேய்மானம்" என்பதற்கு என்ன வரையறை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெறும் வெளுப்பு பெரும்பாலும் கணக்கில் வராது. கிழிசலும் ஓட்டையும் வரும். திருப்பிக் கொடுக்கும் முன் இலவசமாக ஒரு பரிசோதனை செய்துகொள்ளும் வசதி பல லீஸ் கம்பெனிகளில் உண்டு. அவர்கள் போடும் தொகையையும் ரிப்பேர் ஆள் கேட்கும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓரிரு வருடத்தில் விற்கப் போகிறீர்கள், ஃபோம் நன்றாக இருக்கிறது என்றால் நிறப்பூச்சு. டிரைவர் சீட் ஓரம்தான் வாங்க வருபவர் முதலில் பார்க்கும் இடம், கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பி வரும். வாங்குபவர் கேட்டால் பூசியதைச் சொல்லிவிடுங்கள்.

வண்டி வாரன்ட்டிக்குள் இருக்கிறது, ஆனால் டீலர் மறுத்துவிட்டார் என்றால் ரிப்பேர் ஆர்டரை வாங்கிக்கொண்டு இன்னொரு டீலரிடம் காட்டுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்கள் ஒரே சீட்டைப் பார்த்து இரண்டு முடிவு சொல்வது நடக்கிற விஷயம்தான். இதற்கிடையில் வேறு கடையில் ஏதாவது செய்துவிட்டால் மொத்த வாரன்ட்டியும் போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டாம். வாரன்ட்டிகள் பற்றிய 1975ஆம் ஆண்டின் அமெரிக்க மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளியார் பொருள் போட்டதற்காக மட்டும் கம்பெனி வண்டியின் மற்ற பாகங்களுக்கான வாரன்ட்டியை மறுக்க முடியாது; அந்தப் பொருளால்தான் குறை வந்தது என்று காட்ட வேண்டும். சீட்டுக்கான உரிமை கோரல் மட்டும் பலவீனமாகும்.

எந்த வழியை எடுத்தாலும், ஏறும் முறையை மாற்றாவிட்டால் அதே இடம் மறுபடி தேயும். ரன்னிங் போர்டில் கால் வைத்து, முன் தூணில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து எழும்பி, மேட்டைத் தாண்டிச் சீட்டின் நடுவில் உட்கார வேண்டும். பவர் சீட்டில் எஞ்சின் அணைந்ததும் தானாகப் பின்னால் போகும் வசதி இருந்தால் அதை செட்டிங்கில் போட்டுவிடுங்கள், ஸ்டீயரிங் இடிக்காமல் இறங்க இடம் கிடைக்கும். துடைப்பதற்குத் தோலுக்கென்று உள்ள மென்மையான கிளீனர் போதும். சமையலறை மேடைக்குப் போடும் காரமான திரவத்தைச் சீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளிர்நிற சீட் என்றால் புது ஜீன்ஸை இரண்டு முறை துவைத்த பிறகு போட்டுக்கொண்டு ஏறுங்கள்.